வெள்ளைப் பின்னணியே வெளியேறு!

மண், பெண், பொன் ஆகிய மூன்றுக்காகத்தான் மனிதன் அடித்துக்கொள்கிறான் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆராய்ச்சி மாநாட்டில் ஸ்லைடு போட்டவர் இல்லை. போட்டிருந்தால் நான்காவதாகப் பின்னணியையும் சேர்த்திருப்பார்கள்.

ராப்பகலாக உழைத்து ஓர் ஆராய்ச்சி மாணவர் கிராஃப் போடுகிறார். அதைப் படமாகச் சேமித்துக் கருநீல ஸ்லைடில் கொண்டுபோய் ஒட்டுகிறார். கோடு வருகிறது, அச்சு வருகிறது, எண்கள் வருகின்றன. கூடவே, யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் கண் கூசி விழித்துக்கொள்கிறார். விழித்த பேராசிரியர் கேள்வி கேட்பார். ஆபத்து அங்கேதான்.

வெள்ளைக்காரனை 1942-ல் வெளியேறச் சொன்னோம், 1947-ல் மூட்டை கட்டினான். இந்த வெள்ளையை வெளியேற்றும் போராட்டமோ அறுநூறு வருஷமாக நடக்கிறது. அதில் ஆடு வருகிறது, ராமர் வருகிறார், யுரேனஸ் வருகிறது, ஆஸ்கார் வருகிறது. போராட்டம் எதற்காக என்று விளங்கவைக்கும் கட்டம் மட்டும் நம் ஏலகிரி மலைக்கு நேர் எதிரே நடந்தது. காண்டம் காண்டமாகப் பார்த்துவிடுவோம்.

ஆட்டுக் காண்டம்

ஏலகிரிக்கு ஏறும் பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளலின் பெயரை வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரி என்று வரிசையாக வருவார்கள். தமிழ் இலக்கியத்தை இவ்வளவு நேரடியாக வயிற்றில் உணர வேறு வழி கிடையாது. எந்தப் புலவரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொல்வது என்பது அவரவர் காலைச் சிற்றுண்டியைப் பொறுத்தது.

மேலே போய் வடக்கே பார்த்தால் பாலாற்றுச் சமவெளி: வாணியம்பாடி, ஆம்பூர், அதற்கப்பால் பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை. இந்த வட்டாரத்தில் ஓர் ஆடு பிறந்தால் அதன் ஜாதகத்தை ஜோசியர் பார்க்க வேண்டியதில்லை. கறி சீரகச் சம்பாவோடு சேர்ந்து பிரியாணி தம்முக்குப் போகும். தோல் டேனரிக்குப் போகும். ஊற வைப்பார்கள், சுண்ணாம்பில் போடுவார்கள், முடியையும் சவ்வையும் வழிப்பார்கள், பிறகு பதனிடுவார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் குரோமியம். கடைசியில் அது ஒரு ஷூவாகிக் கப்பலேறும்.

இதே வேலையைச் சுண்ணாம்போடு நிறுத்திவிட்டு, தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்துச் சுரண்டினால் கிடைப்பது எழுதும் தோல். ஆம்பூர்க்காரர் பார்த்தால், "என்னப்பா, பாதியிலேயே விட்டுட்டே?" என்பார். அந்தப் பாதி வேலையில்தான் ஐரோப்பா ஆயிரம் வருஷம் புத்தகம் எழுதியது. தோல் விலை அதிகம் என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதும் சிக்கனமும் இருந்தது. ஆர்க்கிமிடீஸின் கணிதத்தைச் சுரண்டிவிட்டு 13-ஆம் நூற்றாண்டில் அதன் மேல் பிரார்த்தனைப் புத்தகம் எழுதினார் ஒரு புண்ணியவான். ஆனால் சுரண்டல் சரியில்லை. ஜபத்துக்கு அடியில் ஜியோமெட்ரி எட்டிப் பார்த்தது. பின்னணியைச் சரியாக நீக்கத் தெரியாத முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். நல்லவேளை தெரியவில்லை. ஆர்க்கிமிடீஸின் சில நூல்கள் நமக்குக் கிடைத்ததே அந்தத் திறமைக் குறைவால்தான்.

பின்னணியை முறையாக ஒழித்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முன்னோடி, இத்தாலியில் 1400-ஐ ஒட்டி ஓவியர்களுக்குக் கைநூல் எழுதிய சென்னினோ சென்னினி. அவர் சொல்லும் செய்முறை இது: ஆட்டுக்குட்டித் தோலை எடு. கிழிந்துவிடுமோ என்று பயம் வரும்வரை சுரண்டு. ஆளிவிதை எண்ணெய் தடவிக் காயவை. இப்போது அதை எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் அடியில் இருப்பது தெரியும். அப்படியே பார்த்து வரைந்துகொள். ஆக, ஒளி ஊடுருவும் பின்னணிக்காக முதலில் உயிரை விட்டது ஆடு. அதற்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. பிரியாணிக் கடைப் பலகையில் ஓர் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பாவைக் காண்டம்

இத்தாலியைப் புகழ்ந்தது போதும். இங்கே தோல்பாவைக்கூத்துக்காரர்கள் என்ன சளைத்தவர்களா? அதே ஆட்டுத்தோல், அதே சுரண்டல். வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்த தோலில் ராமரை வரைந்து, சாயம் ஏற்றி, நகைக்கும் உடைக்கும் சின்னச் சின்னத் துளை போட்டு, உருவத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுப்பார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு, விளக்குக்கும் திரைக்கும் நடுவில் பாவை. முன்னால் நாம்.

இதில் கவனிக்க வேண்டியது ராமரின் அழகை அல்ல, ராமரைச் சுற்றி வெள்ளைப் பெட்டி இல்லாததை. அனுமார் தாவினால் வாலைச் சுற்றிச் சதுரமாக ஏதும் ஒட்டிக்கொண்டு வராது. ராவணனுக்குப் பத்துத் தலை. பத்துக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில் திரை ஒழுங்காகத் தெரியும். துளை போட்ட இடத்தில் முழு வெளிச்சம், சாயம் ஏற்றிய இடத்தில் பாதி வெளிச்சம், கறுப்பு மையில் இருட்டு. முழுசாகத் தெரிவது, பாதி தெரிவது, தெரியாமலே போவது என்ற மூன்று நிலையையும் விளக்கெண்ணெய் வெளிச்சத்தில் சாதித்துவிட்டார்கள். பிற்பாடு அமெரிக்கர்கள் இதைக் கம்ப்யூட்டரில் செய்து ஆஸ்கார் வாங்கினார்கள். நம் ஆட்கள் ஊர்த் திருவிழாவில் அரிசியும் பருப்பும் வாங்கினார்கள்.

பாவைக்கூத்து நலிந்த பிறகும் இந்தக் கலை நம்மை விட்டுப் போகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு கட்-அவுட் ஆயிற்று. ப்ளைவுட்டில் சிவாஜியையும் எம்.ஜி.ஆரையும் ஓரம் வெட்டி, பின்னால் சவுக்குக் கட்டை கொடுத்து, தியேட்டர் வாசலில் ஆகாயத்தையே பின்னணியாக வைத்து நிறுத்தினோம். ஒளி ஊடுருவும் பின்னணிக்குப் பாலாபிஷேகமும் செய்தோம்.

கண்ணாடிக் காண்டம்

கிராஃப் என்ற சமாச்சாரத்தையே இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. அதைப் பெற்றெடுத்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். 1786-ல் நாடுகளின் வணிகக் கணக்கைக் கோடு கோடாகப் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். 1801-ல் வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படத்தையும் கொண்டுவந்தார். நடுநடுவே நில மோசடிக் கம்பெனி, கடன், சிறை, மிரட்டிப் பணம் பறிக்கும் முயற்சி என்று பல துறைகளில் உழைத்தார். இன்றைக்கும் சில கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் கிராஃப் பார்த்தால் அந்தப் பரம்பரை குணம் முழுக்கப் போய்விடவில்லை என்று தெரியும்.

பிளேஃபேருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. டென்மார்க், நார்வேயோடு இங்கிலாந்து செய்த வணிகத்தில் ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. இரண்டையும் தனித்தனித் தாளில் போட்டால் ஒன்றும் விளங்காது. ஒரே தாளில் போட்டால் எங்கே லாபம் நஷ்டத்தைத் தாண்டுகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஆக, கிராஃப் பிறந்தபோதே ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கத்தான் பிறந்தது. ஆனால் வேறொருவர் வரைந்த கோட்டை நம் கோட்டின் மேல் வைக்க வேண்டுமென்றால்? காகிதம் குறுக்கே நின்றது.

அதைத் தாண்டியவர்கள் வானியல்காரர்கள். அவர்களுக்குக் கண்ணாடி கிடைத்தது. கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி வானத்தைப் படம் பிடித்தால், நட்சத்திரம் கறுப்புப் புள்ளியாகவும் வானம் வெறும் கண்ணாடியாகவும் விழும். இருட்டு வானம் முழுக்க ஒளி ஊடுருவுகிற பின்னணி ஆகிவிடுகிறது! இதை மறுபடி காகிதத்தில் அச்சுப் போட்டு வெள்ளை நட்சத்திரமாக்குவது செய்தித்தாள்காரர்களுக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணாடியையே வைத்து அளந்தார்கள். ஒரே இடத்தை இரண்டு நாள் பிடித்த தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அதன் பதவியைப் பறித்ததற்குக் கண்ணாடி பொறுப்பல்ல.

நம் கொடைக்கானல் ஆய்வுக்கூடம் 1899-ல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகள் எந்த அட்சரேகையில் இருக்கின்றன என்று பார்ப்பதற்குச் சூரிய ஆய்வாளர்களிடம் ஸ்டோனிஹர்ஸ்ட் வட்டு என்று ஒன்று உண்டு. கட்டம் போட்ட, ஒளி ஊடுருவும் வட்டம். சூரியப் படத்தின் மேல் வைத்தால் போதும், அளவு தெரிந்துவிடும். படத்துக்கு அடியில் கட்டம் இருந்த காலம் போய், கட்டமே படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

யுரேனஸ் காண்டம்

இப்போது மறுபடி ஏலகிரிக்கு வாருங்கள். இந்த முறை கிழக்கே திரும்புங்கள். எதிரே தெரிவது ஜவ்வாது மலை. காக்கை பறக்கும் கணக்கில் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் காவலூர். வேணு பாப்பு என்ற வானியலாளர் 1960-களில் தென்வானம் நன்றாகத் தெரியும் இருட்டான இடம் தேடி அலைந்து பிடித்த ஊர். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை 1968-ல் அங்கே நிறுத்தினார். கிழக்கு ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து கார்ல் சைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-ல் வந்தது. அடிவாரத்தில் உலகத்துக்கே செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மலை மேல் உலகத்தையே விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று கணக்குச் சொன்னது. நட்சத்திரம் எப்படி மங்குகிறது என்று பார்த்தால் யுரேனஸின் வளிமண்டலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கர்கள் ஆடம்பரமாகப் புறப்பட்டார்கள். சி-141 ரக ராணுவச் சரக்கு விமானத்தில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஏற்றி, ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், ஜெசிகா மிங்க் ஆகிய மூவர் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிக்கு மேல் பறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு கோஷ்டி. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒருவர். வடக்கே நைனிதாலில் நம்மவர்கள். காவலூரில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும்.

அந்தக் காலத்து முறை எளிமையானது. நட்சத்திர வெளிச்சம் மின்சாரமாக மாறும், மின்சாரம் ஒரு பேனாவை ஆட்டும், பேனாவுக்கு அடியில் காகிதச் சுருள் ஓடும். கிராஃப் தானாகவே வரைந்துகொள்ளும். எப்போது மறைப்பு தொடங்கும் என்று துல்லியமாகத் தெரியாததால் விமானத்தில் முன்கூட்டியே சுருளை ஓடவிட்டார்கள். அரை மணிக்கும் மேல் பாக்கி இருக்கும்போதே பேனா ஒரு முறை குப்புற விழுந்து எழுந்தது. மேகமா? கருவிக் கோளாறா? யோசிப்பதற்குள் மறுபடி விழுந்தது. கோள் மறைப்பதற்கு முன்னால் ஐந்து முறை, பின்னால் ஐந்து முறை.

காவலூரிலும் பேனா விழுந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் பிடித்தார்கள். யுரேனஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று நட்சத்திரத்தைச் சற்று நேரம் மறைத்திருக்கிறது. கோளைச் சுற்றுகிற பொருள் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது நிலாதான். யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று தலைப்பிட்டு 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்கள். 1977 மே மாதம் கட்டுரை வந்தது, 331-ஆம் பக்கத்தில். அதே இதழின் 328-ஆம் பக்கத்தில் எலியட் கோஷ்டியின் கட்டுரை: யுரேனஸின் வளையங்கள்! மூன்று பக்கத்தில் நம் நிலா உருண்டு வளையமாகிவிட்டது.

சிரிக்கலாம், ஆனால் சத்தமாக வேண்டாம். காவலூரின் கோட்டில் ஒரு தப்பும் கிடையாது. பேனா விழுந்த இடத்தில் உண்மையிலேயே வளையம் இருந்தது. தனியாக ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அது நிலாவா வளையமா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. நிலா என்றால் ஒரு பக்கம் மட்டும் மறைக்கும். வளையம் என்றால் கோளின் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் மறைக்கும். முன்னால் விழுந்த ஐந்தையும் பின்னால் விழுந்த ஐந்தையும் ஒரே அளவுகோலில் ஒன்றுக்கு நேரே ஒன்றாகப் பொருத்தியபோதுதான் வளையம் கண்ணில் பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருந்த ஊர்களின் கோடுகளும் அதோடு ஒத்துப்போயின. ஒரு சின்ன நிலாவின் நிழல் ஒரே ராத்திரியில் இத்தனை ஊருக்கு விஜயம் செய்யாது.

பொருத்திப் பார்ப்பது சொல்லும்போது சுலபம். கட்டம் போட்ட காகிதச் சுருள் கண்ணாடி இல்லை. ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்தால் மேலே இருப்பது மட்டும் தெரியும். அதனால்தான் அந்தத் தலைமுறை ஆராய்ச்சிக்காரர்கள் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி வெயிலுக்கு எதிரே பார்த்தார்கள், டிரேசிங் பேப்பரில் பிரதி எடுத்தார்கள், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜை வைத்துக்கொண்டார்கள். வெள்ளைப் பின்னணி அவர்களுக்குக் கண்ணை உறுத்துகிற விஷயமில்லை. கண்ணை மறைக்கிற விஷயம்.

கடைசியில் வளையங்களுக்குப் பெயர் வைக்கும் வைபவம். எலியட் கோஷ்டி ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று கிரேக்க எழுத்து வைத்தது. பெர்த் கோஷ்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் குறுகிய வளையங்களை உள்ளிருந்து எண்ணினால் ஆறு, ஐந்து, நான்கு, ஆல்ஃபா, பீட்டா என்றுதான் வரும். சென்னை வீட்டுக் கதவில் பழைய எண்ணும் புதிய எண்ணும் எழுதியிருப்பது மாதிரி, யுரேனஸுக்குக் கடிதம் போட்டால் தபால்காரர் தேடித் திண்டாடுவார்.

பாப்பு 1982-ல் காலமானார். 1986 ஜனவரி 6-ல் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்து அவர் பெயரைச் சூட்டினார். அதே மாதம் 24-ஆம் தேதி வாயேஜர்-2 விண்கலம் யுரேனஸுக்குப் பக்கத்தில் போய் வளையங்களைப் படம் பிடித்தது.

ஆல்ஃபா காண்டம்

யுரேனஸின் ஆல்ஃபா பிறந்த அதே 1977-ஐ ஒட்டி, நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் இன்னொரு ஆல்ஃபா பிறந்தது. நியூயார்க் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கேட்மல் ஓர் உருவத்தை வெவ்வேறு பின்னணிகளின் மேல் வைத்துப் பார்க்க விரும்பினார். பின்னணி மாறும்போதெல்லாம் முழுப் படத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் அதற்குள் டீ குடித்து, சாப்பிட்டு, தூங்கியே எழுந்துவிடலாம்.

தீர்வு இதுதான்: ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண் வைத்திருக்கிறோமே, நாலாவதாக ஓர் எண்ணையும் வைத்துவிடுவோம். இந்தப் புள்ளி எந்த அளவுக்கு மறைக்கிறது என்று அது சொல்லும். பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, ஒன்று என்றால் முழுச் சுவர். நடுவில் இருந்தால் தோல்பாவை. அந்த எண்ணுக்குத்தான் ஆல்ஃபா என்று பெயர். மேலே உள்ள நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கு, கீழே உள்ள நிறத்தை ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்து அதனால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. முடிந்தது. 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற லூகாஸ்ஃபிலிம்காரர்கள் மேலே வைப்பது, உள்ளே வைப்பது, வெளியே தள்ளுவது என்று இதற்கு முழு இலக்கணமே எழுதினார்கள். 1996-ல் நால்வருக்கும் ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அது அமெரிக்காவில். நம் கல்லூரிகளில் அப்போது ஆல்ஃபா என்றால் ஓஎச்பி என்கிற ஓவர்ஹெட் புரொஜெக்டரின் ஷீட்டு. பேராசிரியர் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் அச்சுகளை வரைந்து விளக்கு மேல் வைப்பார். அதன் மேல் சிவப்புக் கோட்டு ஷீட்டு. அதற்கு மேல் நீலக் கோட்டு ஷீட்டு. ஒப்பிடுவதென்றால் என்ன என்று மக்கு மாணவனுக்கும் புரிந்துவிடும். ஜெராக்ஸ் கடையில் தப்பான ஷீட்டைப் போட்டு அது எந்திரத்துக்குள் உருகி ஒட்டிக்கொண்ட கதைகள் தனி. என்றாலும் சொல்கிறேன், இந்திய வகுப்பறையில் கிராஃபின் பின்னணி உண்மையிலேயே ஊடுருவும்படி இருந்தது அந்த ஓஎச்பி காலத்தில்தான். பிறகு பவர்பாயிண்ட் வந்தது. வெள்ளைப் பெட்டி திரும்பி வந்தது.

யுத்த காண்டம்

வெள்ளைப் பெட்டியைத் திரும்பக் கூட்டி வந்தது கோப்பு வடிவங்களின் சண்டை. 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் ஸ்டீவ் வில்ஹைட் ஜிஃப் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். 1989 பதிப்பில் ஒரு சலுகை கிடைத்தது: ஏதாவது ஒரு நிறத்தைக் காட்டி, இது கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லலாம். தெரியும் அல்லது தெரியாது, நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் வளைவான கோட்டின் ஓரமெல்லாம் எலி கடித்தது போல வந்தது.

1992-ல் ஜேபெக் தரமாயிற்று. புகைப்படத்துக்கு அற்புதம். ஆனால் அதில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. ஊடுருவும் பின்னணியை ஜேபெக்கிடம் கொடுத்தால் வெள்ளை அடித்துத் தரும், மூடு சரியில்லை என்றால் கறுப்பு அடித்துத் தரும். போதாக்குறைக்குக் கூர்மையான கோட்டைச் சுற்றி அழுக்குத் தேய்த்தும் தரும். கிராஃபை ஜேபெக்கில் சேமிப்பவர்களுக்கு இந்த உலகில் தண்டனை இல்லாதது சட்டத்தின் ஓட்டை.

1994 டிசம்பரில் யுனிசிஸ் நிறுவனம், ஜிஃப் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை எங்களுடையது, காசு எடு என்றது. கோபம் கொண்ட நிரலாளர்கள் தாமஸ் புட்டெல் தொடங்கிவைக்க, 1995 ஜனவரியிலேயே புதிய வடிவத்துக்கு வரைவு எழுதினார்கள். அதுதான் பிஎன்ஜி. 1996 அக்டோபர் 1-ல் இணையத் தரமாக அங்கீகாரம் பெற்றது. முழு ஆல்ஃபா, வழக்கமான எட்டு பிட்டில் 256 படிகள். வெள்ளைப் பெட்டி ஒழிந்தது என்று உலகம் பெருமூச்சு விட்டது.

அங்கேதான் மைக்ரோசாஃப்ட் வந்தது. 2001-ல் வந்து வீடு வீடாகப் பரவிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, பிஎன்ஜியின் ஆல்ஃபாவை ஒழுங்காகக் காட்டாது. ஊடுருவ வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறச் சுவரை எழுப்பும். 2006-ல் ஏழாம் பதிப்பு வந்துதான் அதைச் சரி செய்தது. ராமருக்குப் பதினாலு வருஷ வனவாசம், பிஎன்ஜிக்குப் பத்து வருஷம்.

யுத்தம் முடிந்தது என்று பார்த்தால் மாயமான் ஒன்று புறப்பட்டது. படத் திருத்த மென்பொருள்களில் பின்னணி இல்லை என்பதைச் சதுரங்கக் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். இணையத்தில் தேடி, சதுரங்கக் கட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து, இறக்கி ஸ்லைடில் ஒட்டினால் சதுரங்கக் கட்டமும் சேர்ந்தே வரும். யாரோ ஒரு மகானுபாவர் கட்டத்தையும் படமாகவே சேமித்து வைத்திருப்பார். சீதையே ஏமாந்தாள், நாம் எம்மாத்திரம்?

உத்தர காண்டம்

ராமாயணத்தில் உத்தர காண்டத்தைக் கம்பர் பாடவில்லை என்பார்கள். நீங்களும் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் செய்முறை இதில்தான் இருக்கிறது.

சிகாகோவில் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்த ஜான் ஹன்டர், 2003-ல் மேட்பிளாட்லிப் என்ற கிராஃப் கருவியை இலவசமாக வெளியிட்டார். 2012-ல், 44 வயதில் இறந்துபோனார். இன்று பைத்தான் தெரிந்த ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலோர் போடும் கிராஃப் அவருடைய கருவியில்தான். அதில் ரொம்ப நாளைக்கு ஒரு வினோதம் இருந்தது. திரையில் சாம்பல் பின்னணி தெரியும், சேமித்தால் வெள்ளையாக விழும். மாணவர்கள் கண் டாக்டரிடம் போகாமல் இருந்ததே பெரிது. ஊடுருவும் பின்னணி வேண்டுமென்றால், சேமிக்கும் கட்டளையில் டிரான்ஸ்பரன்ட் என்பதை ட்ரூ ஆக்கினால் போதும்.

ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 வேறு கதை. அதில் கிராஃபுக்குப் பின்னால் இரண்டு சுவர்கள். கோடுகள் ஓடும் சாம்பல் நிறச் சுவர் ஒன்று, தலைப்பும் எண்களும் இருக்கும் வெளிச்சுவர் ஒன்று. உள்சுவரை இடித்துவிட்டு வெளிச்சுவரை மறப்பவர்கள் அதிகம். இரண்டையும் இடித்த பிறகும், கோடுகளின் பெயர் எழுதிய விளக்கப் பெட்டி தனக்கென்று ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதையும் கழற்ற வேண்டும். சேமிக்கும் வடிவம் பிஎன்ஜியாகவோ எஸ்விஜியாகவோ பிடிஎஃபாகவோ இருக்கட்டும். பழைய இபிஎஸ் வடிவத்துக்குப் பாதி ஊடுருவல் என்றால் என்னவென்றே தெரியாது. இத்தனையும் செய்துவிட்டு வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காக மாறி எல்லாம் பாழ். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இவ்வளவு படிக்கப் பொறுமையில்லாதவர்கள் நம்மூரில் ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்குப் போவார்கள். கட்-அவுட் மரபின் இன்றைய வாரிசுகள் அவர்கள்தான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு கடையில் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"பாய், இதுல வெள்ளையை மட்டும் எடுத்துக் குடுங்க."

"எடுத்துடலாம் தம்பி. யாரு, தலைவர் படமா?"

"இல்ல பாய், எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன்."

"அது எந்தக் கட்சி?"

"காலேஜ் பிராஜெக்ட், பாய்."

"சரி, குடு. ஆனா தம்பி, கோடு கறுப்பா இருக்கே. உன் ஸ்லைடும் கறுப்பு. வெள்ளைய எடுத்தா கோடும் காணாமப் போயிடும், பரவால்லையா?"

பாய் கேட்டதுதான் கேள்வி. பின்னணியை நீக்கினால் கோடும் எழுத்தும் அடியில் வருகிற நிறத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும். கறுப்பு அச்சோடு ஊடுருவும் கிராஃப் போட்டவர்கள், அதை இருள் திரை வைத்த கைபேசியில் திறந்து பாருங்கள். அச்சும் இருக்காது, எண்ணும் இருக்காது, அந்தரத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் தொங்கும்.

ஆகவே தீர்ப்பு இதுதான். கிராஃபுக்கு அடியில் இன்னொரு கிராஃபோ, நிலப்படமோ, செயற்கைக்கோள் படமோ வைத்து இரண்டையும் ஒப்பிடப்போகிறீர்களா? தாராளமாக வெள்ளையை விரட்டுங்கள். கோடுகளை ஒன்றுக்கு நேரே ஒன்றாகப் பொருத்தாமல் யுரேனஸின் வளையமே நமக்குத் தெரிந்திருக்காது. அச்சுக்குப் போகும் கட்டுரை என்றால் வெள்ளை அங்கேயே இருக்கட்டும், காகிதமும் வெள்ளைதான். ஸ்லைடில் மயிலும் சூரியோதயமும் போட்டு அதன் மேல் கிராஃபை மிதக்கவிடத்தான் இவ்வளவு பாடு என்றால், நீக்க வேண்டியது கிராஃபின் பின்னணியை அல்ல. அந்த மயிலை.